எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு குளிசை ஏன் இல்லை?

"டொக்டர், பிரஷருக்கு ஒண்டு, சீனிக்கு ரெண்டு, கொழுப்புக்கு இரவில ஒண்டு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு குளிசை இல்லையா?" கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எங்கிருந்து கிளினிக் கொப்பியோடு வந்தாலும் பலர் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. மருந்து ஆய்வாளர்களும் நெடுங்காலமாக அதைத் தேடித்தான் வருகிறார்கள்.

இவை இப்படிச் சேர்ந்து வருவதற்குப் பெயர் மெட்டபொலிக் சிண்ட்ரோம். ஐந்து அளவுகளில் குறைந்தது மூன்று பிழையாக இருந்தால் அது இருக்கிறது என்போம். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றரை எட்டக்கூடாது. மற்ற நான்கு: ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 150 அல்லது மேல், நல்ல கொழுப்பான எச்டிஎல் ஆண்களில் 40க்கும் பெண்களில் 50க்கும் கீழ், பிரஷரின் மேல் எண் 130ஐ அல்லது கீழ் எண் 85ஐத் தொடுவது, வெறும் வயிற்றுச் சீனி 100 அல்லது மேல். ஏற்கெனவே மருந்தில் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். இடுப்பைச் சாரக்கட்டுக்கு மேலால் அளந்தால் அளவு பிழைக்கும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோலில், மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவைப் பிடிக்க வேண்டும்.

இந்த ஐந்தும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பிலும், இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காததிலும் வேர்விட்டவை. அப்படியென்றால் வேரை வெட்ட ஒரு மருந்து போதுமே என்று தோன்றும். ரிமோனபான்ட் என்ற குளிசை அந்த நம்பிக்கையில் வந்ததுதான். எடையும் இடுப்பும் குறைந்தன, எச்டிஎல் ஏறியது, 2006இல் ஐரோப்பாவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் பசியை அடக்க அது மூடிய வாங்கிகள், அதாவது உடலின் செய்திகளைப் பெறும் இடங்கள், மூளையில் மனநிலையோடும் தொடர்புள்ளவை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைதூக்க, 2008இல் நிறுத்தினார்கள்.

எச்டிஎல்லை உயர்த்தவென்று வந்த டோர்செட்ராபிப் என்ற மருந்தின் கதை இன்னும் கசப்பானது. சுமார் 15,000 பேரில் நடந்த சோதனையில் எச்டிஎல்லை 72 வீதம் உயர்த்தியது, கெட்ட கொழுப்பையும் குறைத்தது. ரிப்போர்ட்டைப் பார்த்தால் அற்புத மருந்து. ஆனால் எடுக்காதவர்களைவிட அதை எடுத்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. 2006 டிசம்பரில் சோதனையையே கைவிட்டார்கள். அது அல்டொஸ்டரோன் என்ற ஹோர்மோனைத் தூண்டி பிரஷரையும் ஏற்றியிருந்தது. எண் அழகாவதும் ஆள் பிழைப்பதும் வேறு வேறு என்பது அதன்பின் யாராலும் மறுக்க முடியாததாயிற்று. அதனால்தான் அளவுகள் சரியாவதைக் காட்டினால் மட்டும் போதாது, மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பதையும் பார்க்கிறார்கள். அதற்கு ஆயிரக்கணக்கானோரை வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

அந்தப் பரீட்சையில் தேறியவைதான் உங்கள் கொப்பியிலுள்ள, கொழுப்புக்கான ஸ்டாட்டினும் பிரஷர் குளிசையும். "ஒரே மருந்தில் சீனி, பிரஷர், தொப்பை மூன்றும் போகும்" என்று பேஸ்புக்கில் வரும் பொடிக்காக இவற்றை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் வேகிறது.

இப்போது எல்லோரும் கேட்கும் ஊசி செமாகுளுடைட். குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹோர்மோன் இரண்டு நிமிடத்துக்குள் பாதியளவு சிதைந்துவிடும். ஏறக்குறைய அதே அமைப்போடு ஒரு கொழுப்பமிலச் சங்கிலியை இணைத்ததால் மருந்து இரத்தத்திலுள்ள அல்புமினில் தொற்றிக்கொண்டு ஒரு கிழமை நிற்கிறது. சீனிவருத்தம் இல்லாத, ஆனால் இதயநோயும் அதிக எடையும் உள்ள 17,604 பேரில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 வீதம் குறைந்தன என்று 2023இல் முடிவு வந்தது. ஒரு குளிசைக் கனவுக்கு இதுவரை மிக அருகில் வந்தது இதுதான். ஆனாலும் நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது.

இந்த ஊசியை எடைக்காக 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு கிழமைக்கு ஒருமுறை மெதுவாக ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் வாந்தி வரும். வாந்தியால் உடல் வறண்டிருக்கும்போது சில பிரஷர் குளிசைகளை வழமைபோல் போட்டால் சிறுநீரகம் அடிபடலாம், சீனிக்குப் போடும் மெட்போர்மினும் உடலில் தேங்கி ஆபத்தாகலாம். அன்றே கிளினிக்கில் கேளுங்கள். கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சீனி திடீரென இறங்கலாம் என்பதால் அவற்றின் அளவை முதலிலேயே குறைக்க வேண்டியிருக்கும்.

திறக்காத ஊசிப் பேனா 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். திறந்ததைச் சில வாரம் வெளியில் வைக்கலாம் என்று துண்டில் எழுதியிருப்பது 30 பாகைக்குக் கீழேதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் பகல் வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே திறந்த பேனாவையும் ஃபிரிட்ஜின் நடுத்தட்டிலேயே வையுங்கள். ஐஸ்பெட்டியை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அதைப் போடக்கூடாது. பிள்ளை பெற எண்ணும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.