செவ்வனே: நேராக நிற்கும் ஒரு சொல்

‘சரியாக’, நான்கு கட்டம். குறுக்கெழுத்தில் இப்படி ஒரு குறிப்பு வந்தால் கை கொஞ்சம் தயங்கும். சரிவர, முறையாக, திருந்த, செவ்வனே என நான்குமே அந்தக் கட்டங்களில் அடங்கும். ஆனால் நான்கும் ஒரே பொருளைச் சொல்வதில்லை.

‘முறையாக விண்ணப்பித்தார்’ என்றால் விதிப்படி விண்ணப்பித்தார், அவ்வளவுதான். எழுதியதில் பிழை இருக்கலாம். ‘சரிவர’ பெரும்பாலும் இல்லை என்பதைத் துணைக்கு அழைத்துக்கொண்டே வரும்: சரிவரக் கேட்கவில்லை, சரிவரத் தூங்கவில்லை. ‘நேற்று சரிவரத் தூங்கினேன்’ என்று யாரும் சொல்வதில்லையே! ‘திருந்த’ என்பது குறை நீங்கும்படி. ‘செய்வன திருந்தச் செய்’ என்கிற ஆத்திசூடி வரியில் இருப்பது அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது செவ்வனே. செவ்வன் என்பதோடு ஏகாரம் சேர்ந்த சொல் இது. ‘செவ்வணே’ என்று எழுதுவது பிழை. இதன் அடி செம்மை. செம்மைக்குச் சிவப்பு என்றும் பொருள் உண்டு, நேர்மை என்றும் பொருள் உண்டு. செங்கல்லிலும் செந்தாமரையிலும் இருப்பது நிறம். செங்குத்திலும் செங்கோணத்திலும் இருப்பது வளையாத நேர். செங்கோல் சிவந்த கோல் அல்ல, நேரான கோல். அதனால்தான் அதற்கு எதிர்ச்சொல் வளைந்த கோலான கொடுங்கோல். ‘சொற்கோட்டம் இல்லது செப்பம்’ என்று தொடங்குகிறது 119ஆம் குறள். கோட்டம் என்றால் வளைவு. சொல்லில் வளைவு இல்லாததே செப்பம். குண்டும் குழியுமான சாலையைச் செப்பனிடுகிறோமே, அதுவும் இந்தச் செப்பம்தான்.

அப்புறம், நாம் நாள்தோறும் சொல்லும் ‘கரெக்ட்’. ஆங்கிலம் இதை லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டது. அங்கே அதன் வினைக்கு நேராக்குதல் என்றே பொருள். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், சரி என்பதை நேர்கோடாகவே பார்த்திருக்கின்றன. ஆகவே ‘கரெக்டாகச் செய்தான்’ என்பதற்கு வேரிலும் பொருந்துகிற தமிழ் ‘செவ்வனே செய்தான்’. விடை கரெக்ட், கணக்கு கரெக்ட் என்னும்போது மட்டும் ‘சரி’ போதும். தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் புழங்கும் சொல் அது.

செவ்வனேயை மேடைப் பாராட்டுக்கென்று ஒதுக்கிவைத்தது நம் தவறு. ‘பணியைச் செவ்வனே ஆற்றினார்’ என்பதோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. சட்டையைச் செவ்வனே தைத்தார், கதவைச் செவ்வனே பொருத்தினார் என்றும் தாராளமாக எழுதலாம்.

குறிப்பு ‘ஒழுங்கு, நேர்மை’ என்று வந்து மூன்றே கட்டம் இருந்தால், செம்மையும் பொருந்தும், செவ்வையும் பொருந்தும். இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே. நடுக்கட்டத்தில் மேலிருந்து இறங்குவது ம் ஆ, வ் ஆ என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.