அழாத பிள்ளைதான் சமத்தா?

"எம்பேரன் அம்மாவைத் தேடவே மாட்டான், அவ்வளவு சமத்து" என்று முக்கூடலில் ஒரு ஆச்சி பெருமையாகச் சொன்னார்கள். பையனுக்கு ஒன்றேகால் வயசு. சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு அம்மா திரும்பியபோதும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அம்மா படியிறங்கினாலே தெருவைக் கூட்டிவிடும், ஆனால் அவள் வந்ததும் ஓடிப்போய் இடுப்பில் ஒட்டிக்கொண்டு, ரெண்டு தேம்பல் தேம்பிவிட்டு, மறுபடி சிரட்டையில் மண்சோறு ஆக்க இறங்கிவிடும். அதற்கு ஊர் வைத்த பேர் அழுமூஞ்சி. எனக்கு அந்த அழுமூஞ்சியைப் பற்றித் துளிக் கவலையும் இல்லை.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் கவனித்ததும் இதைத்தான். 1950களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்தவர், பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனை அமைத்தார். ஒரு வயதுக் குழந்தையை விளையாட்டுச் சாமான் இருக்கும் அறையில் விட்டுத் தாய் வெளியே போவாள், அதிகம் போனால் மூன்று நிமிடம், அப்புறம் திரும்பி வருவாள். பிரியும்போது எவ்வளவு அழுகிறது என்பதைவிட, வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் உற்றுப் பார்த்தார். ஓடி வந்து, ஆறுதல் வாங்கி, விளையாட்டுக்குத் திரும்பினால் அது பாதுகாப்பான பிணைப்பு. சில குழந்தைகள் தாயைக் கண்டுகொள்ளவே இல்லை. அமைதியான பிள்ளைகள் என்றுதான் தோன்றும். ஆனால் 1970களில் இதயத் துடிப்பை அளந்தபோது அவர்களுக்கும் துடிப்பு ஏறியிருந்தது, தாய் வந்த பிறகும் சட்டென்று இறங்கவில்லை. (ஆச்சியின் பேரனும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, பிறவிக் குணமும் உண்டு, ஒரு நாள் பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாது.)

பயம் வந்தால் உடம்பில் கார்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன் ஏறும், நெஞ்சு படபடக்கும். பெரியவர்கள் நமக்கு நாமே சொல்லி அடக்கிக்கொள்வோம். அந்த வேலையைச் செய்யும் மூளையின் முன்பகுதி கைக்குழந்தைக்கு இன்னும் முதிரவில்லை. அதனால் அது அமைதியை நம்மிடம் கடன் வாங்குகிறது: தூக்குகிற கை, தோளின் சூடு, "ஒண்ணுமில்லட்டி, அழாத" என்கிற குரல். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது, கூப்பிட்டால் ஆள் வரும் என்பது குழந்தையின் மனசில் பதிந்துவிடுகிறது. 1970களின் நடுவில் தொடங்கி, பிறந்ததிலிருந்து பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வில், இப்படி வளர்ந்தவர்கள் பொதுவாகக் கோபத்தையும் ஏமாற்றத்தையும் நன்றாகச் சமாளித்தார்கள், சிநேகிதமும் எளிதாகப் பிடித்தார்கள்.

சரி, மடியில் பீடித்தட்டோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அம்மா என்ன செய்வாள்? எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் ஆராய்ந்தபோது, நல்ல பிணைப்புள்ள தாயும் குழந்தையும்கூட ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் ஒத்திசைந்து இருந்தார்கள். மிச்ச நேரமெல்லாம் தவறவிடுவதும், மறுபடி வந்து சேர்வதும்தான். அந்த வந்து சேர்தல்தான் பிள்ளையைத் தேற்றுகிறது. தாய் ஒருத்தியே எல்லாமாக இருக்கவும் வேண்டாம்: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்து 1964-ல் வெளியான ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் அப்பா, பாட்டி, அண்ணன் அக்கா என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டியிருந்தன. ஆச்சி இருக்கிற வீட்டுக்கு இது புதுச் செய்தி இல்லை.

வளைகுடாவிலிருந்து ரெண்டு வருஷம் கழித்து அப்பா வருகிறார், பிள்ளை ஆச்சியின் சேலைக்குள் ஒளிகிறது. அவருக்கு முகம் வாடிவிடும். வெறுப்பு இல்லை அது, இந்த ஆளிடம் கூப்பிட்டுப் பார்த்த அனுபவம் அதற்கு இல்லை, அவ்வளவுதான். பிடித்து இழுக்காமல் தார்சாவில் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால், சில நாளில் சிரட்டையை அதுவே கொண்டுவந்து நீட்டும்.