லிஸ்டில் ‘ஆன்’ என்று வந்தால் ஹோஸ்ட் தயார் என்று யார் சொன்னது?

சனிக்கிழமை காலை ஏழு மணி. மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துப் பாமாயில் ஆலை ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் எடைமேடையிலிருந்து சாலை வரை நின்றன. எடை பதியும் கணினிக்கு சர்வர் கிடைக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம்தான் அங்குள்ள தம்பி, ஓப்பன்நெபுலா என்ற மென்பொருளில் ஓடும் அவர்களுடைய தனியார் கிளவுடில் நான்காவது சர்வரை, அதாவது ஹோஸ்டை, ஸ்கிரிப்ட் போட்டுச் சேர்த்திருந்தார். “அண்ணே, ஸ்கிரிப்ட் சுத்தமா ஓடிருச்சு. லிஸ்ட்ல ஆன்னு காட்டுது. அதுல கோளாறு இருக்காது” என்றார் போனில். இந்த ஆண்டு இதே வார்த்தையை நான் கேட்பது மூன்றாவது முறை.

அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்கப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும். அதனால் எங்கள் ஊரில் சர்வர் கோளாறு சர்வர் அறையோடு நிற்பதில்லை.

ஓப்பன்நெபுலாவில் ‘ஆன்’ என்றால் என்ன? எல்லாவற்றையும் நிர்வகிக்கும் முகப்பு சர்வர் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக ஹோஸ்டுக்குள் போனது, கண்காணிப்பு நிரல்கள் ஓடின, இத்தனை சிபியு, இத்தனை மெமரி என்று பதில் வந்தது. அவ்வளவுதான். விஎம்களை (ஹோஸ்டுக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை) நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் இருக்கிறதா, ஸ்விட்ச் போர்ட்டில் விலான் (ஒரே கம்பியில் பிரிந்து ஓடும் தனி நெட்வொர்க்) திறந்திருக்கிறதா, ஸ்டோரேஜில் எழுத முடிகிறதா என்பதற்கெல்லாம் அது சாட்சி இல்லை. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பது மாதிரிதான் அது. குரல் வந்ததாலேயே ஆளுக்குக் காய்ச்சல் இல்லை என்று கங்காணி முடிவுகட்ட மாட்டார்.

இங்கே நடந்ததும் அதுதான். நிர்வாக நெட்வொர்க் சரியாக இருந்ததால் ‘ஆன்’ வந்துவிட்டது. விஎம் நெட்வொர்க்குக்கான ஸ்விட்ச் போர்ட்டோ பல விலான்களை விடும் டிரங்க் ஆக்கப்படாமல், ஒன்றை மட்டும் விடும் ஆக்சஸிலேயே கிடந்தது. ராத்திரி அப்டேட்டுக்காக எடைமேடை விஎம்மை அன்டெப்ளாய் செய்து, அதாவது ஹோஸ்டிலிருந்து இறக்கி, மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். எந்த விஎம் எந்த ஹோஸ்டுக்கு என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர், விஎம்களைப் பரப்பி வைக்கும் கொள்கையில் ஓடினால், எங்கே கூட்டம் குறைவோ அங்கேதான் அனுப்பும். புது ஹோஸ்ட் காலியாக இருக்கிறது. அப்புறம் வேறெங்கே போகும்? கோளாறுள்ள புது ஹோஸ்ட்தான் எழும் விஎம்களை முதலில் இழுத்துக்கொள்ளும். அந்த விஎம்மும் ‘ரன்னிங்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது.

தானியக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பிஎக்ஸ்இயில் (நெட்வொர்க் வழியே) ஓஎஸ் ஏற்றி, ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியில் பிரிட்ஜ் அமைத்து, ஹோஸ்டைப் பதிவு செய்வதைக் கையால் செய்தால்தான் தப்பு அதிகம் வரும். ஆனால் பதிவோடு ஸ்கிரிப்டை முடிக்காதீர்கள். ஹோஸ்டைப் பதிவு செய்யும் ஒன்ஹோஸ்ட் கிரியேட் கட்டளை ஆன அடுத்த வரியிலேயே டிஸேபிள் போடுங்கள். டிஸேபிள் ஆன ஹோஸ்டுக்கு ஷெட்யூலர் எதையும் அனுப்பாது, நாம் கையால் அனுப்பினால் மட்டும் ஏற்றுக்கொள்ளும். ஒரு சின்னச் சோதனை விஎம்மை அங்கே அனுப்பி, அதற்குள்ளிருந்து ஒவ்வொரு விலானின் கேட்வேயையும் (வெளிவாசலையும்) பிங் செய்து பதில் வருகிறதா என்று பார்க்க வையுங்கள். டிஸ்க்கில் எழுத வையுங்கள். அதை நிறுத்தாமல், ஓடும்போதே பழைய ஹோஸ்டுக்கு நகர்த்தி, திரும்பக் கொண்டுவாருங்கள். புது சிபியு, பழைய சிபியு தகராறெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். எல்லாம் தேறினால் ஸ்கிரிப்டே இனேபிள் செய்யட்டும். ஒன்று தவறினாலும் அங்கேயே நிற்கட்டும்.

எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 9000 பைட் வைத்திருப்பவர்கள் சாதாரண பிங்கை நம்பவேண்டாம், அது சின்னப் பொட்டலம், எப்படியும் போய்விடும். துண்டாக்கக்கூடாது என்று சொல்லி 8972 பைட்டில் அனுப்பிப் பாருங்கள். மீதி 28 பைட் தலைப்புக்குப் போய்விடும்.

இன்னொன்று. ஸ்கிரிப்ட் நடுவில் நிற்கிறதே என்று எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிச் சோதனையை மொத்தமாக அணைத்து வைக்கிறீர்களே, தயவுசெய்து வேண்டாம். நீங்கள் பேசுவது உங்கள் சர்வரோடுதானா என்று கேட்கும் ஒரே கேள்வி அது. ஓஎஸ் ஏற்றும்போதே சாவியைச் சேகரித்து முகப்பு சர்வரில் சேர்த்துவிட்டால் ஸ்கிரிப்ட் நிற்காது.

ஏற்கெனவே சோதிக்காமல் சேர்த்தவர்கள் பயப்படவேண்டாம். வேலை குறைந்த நாளில் ஒவ்வொரு ஹோஸ்டாக டிஸேபிள் செய்து, விஎம்களை நகர்த்திவிட்டு, இதே சோதனைகளை ஓட்டுங்கள். நடுவில் ஏதாவது புரியவில்லை என்றால் ஹோஸ்டை டிஸேபிளிலேயே விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். ராத்திரி ஆனாலும் எடுப்பேன்.