சவ்வும் சவ்வும் சேரும் விதம்

"கோல்கையிலிருந்து கிளம்பும் பை, போக வேண்டிய இடத்துக்குப் போனதும் உடைந்துவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோல்கை என்பது செல்லுக்குள் புரதங்களைத் தரம் பிரித்து அனுப்பும் உறுப்பு; பை என்பது அவற்றைச் சுமந்து செல்லும் சின்னச் சவ்வுப் பை. அது உடையாது. உடைந்தால் சரக்கெல்லாம் செல்லின் நடுவே கொட்டிப்போகும். பையின் சவ்வும் சேருமிடத்துச் சவ்வும் ஒன்றாகிவிடுகின்றன.

முன்கதை பள்ளிப் பாடம்தான். ரைபோசோம் கோக்கும் புரதம் எண்டோபிளாச வலைக்குள் மடிகிறது, சவ்வுப் பையில் ஏறிக் கோல்கைக்குப் போகிறது, அங்கே தரம் பிரிக்கப்பட்டு லைசோசோம் என்ற செரிமான அறைக்கோ செல்லின் வெளிச்சவ்வுக்கோ கிளம்புகிறது. சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. அப்புறம்?

சவ்வு என்பது சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள இரட்டைக் கொழுப்பு அடுக்கு. இரண்டு சவ்வுகளைப் பக்கத்தில் கொண்டுவந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளாது. கொழுப்பு மூலக்கூறுகளின் தலைப்பகுதி நீரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அந்த நீரைப் பிதுக்கித் தள்ள நல்ல விசை வேண்டும்.

அதைத் தருபவை ஸ்நேர் புரதங்கள். நரம்பு முனையை எடுத்துக்கொள்வோம். பையிலிருந்து ஓர் இழை, எதிர்ச் சவ்விலிருந்து மூன்று, ஆக நான்கும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு தொடங்குவது சவ்விலிருந்து தள்ளியிருக்கும் நுனியில். அங்கிருந்து சவ்வை நோக்கி, ஜிப் போடுவதுபோல இறுகிக்கொண்டே வரும். இழைகள் இரு பக்கமும் சவ்வோடு பிணைந்திருப்பதால், இறுக இறுகச் சவ்வுகள் நெருங்கியே தீர வேண்டும். நீர் விலகுகிறது, கொழுப்பு அடுக்குகள் கலக்கின்றன, துளை திறக்கிறது. தயாராக நிற்கும் பை என்றால், கால்சியம் உள்ளே வந்து ஒரு மில்லிசெகண்டுக்குள் வேலை முடிந்துவிடும். பாக்டீரியா சுரக்கும் போட்டுலினம் நச்சு வெட்டுவது இந்த இழைகளைத்தான். அதனால்தான் தசைகள் செயலிழக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது கணக்கு தீர்க்கும் விதம். இழுக்கும் அந்த நொடியில் செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாவதில்லை. முறுக்கிய இழைகளைப் பிரித்து மறுபடி தயாராக்கத்தான் ஏடிபி வேண்டும். என்எஸ்எஃப் என்ற புரதம் அதைச் செய்கிறது.

1970களின் இறுதியில் ராண்டி ஷெக்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, புரதத்தை வெளியே விட முடியாமல் திணறும் ஈஸ்ட்களைத் தேடிப்பிடித்து, பழுதான 23 மரபணுக்களை வகைப்படுத்தினார். இன்னொரு விஞ்ஞானி ஜேம்ஸ் ராத்மன் வெள்ளெலி செல்களிலிருந்து என்எஸ்எஃபைப் பிரித்தெடுத்தார். பார்த்தால், ஷெக்மனின் பட்டியலில் இருந்த செக்18 மரபணு தருவதும் அதே புரதத்தின் ஈஸ்ட் வடிவம்! நரம்பு முனையில் இதை ஆராய்ந்த தாமஸ் சூதோஃபும் சேர, மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு. ஈஸ்ட்டைக் குடைந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை மறுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். இன்று நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் ஒரு பகுதி, ஈஸ்ட் இதே பாதையில் சுரந்து தருவது.