ஸ்கிட் பிளேட் உள்ள வண்டியில் ஜாக்கியை எங்கே வைப்பது?

ஸ்கிட் பிளேட் என்பது அடியில் பாறை இடிக்காமல் என்ஜினைக் காக்க வண்டிக்குக் கீழே மாட்டும் தகடு. பாறையில் இடித்தாலே தாங்குகிற இரும்புத் தகடு, அதன் நடுவில் டிராலி ஜாக்கியை (சக்கரம் வைத்த ஜாக்கியை) வைத்து முன்பக்கத்தைத் தூக்கினால் என்ன ஆகிவிடும் என்று பலர் கேட்கிறார்கள். அப்படித் தூக்கவே கூடாது. காரணம் புரிந்தால் ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

பாறையில் தகடு உரசும்போது சக்கரங்கள் பெரும்பாலும் தரையில்தான் இருக்கும், எடையில் பெரும்பங்கை அவைதான் சுமக்கும். தகட்டின் முன்பகுதி சாய்வாக இருப்பதால் அது பாறைமேல் சறுக்கிக் கடந்துவிடுகிறது, அடி விழுவதும் கணநேரம்தான். ஜாக்கியில் கதையே வேறு. என்ஜின் முன்னால் உள்ள 2 டன் வண்டி என்றால் முன்பக்கத்து எடை மட்டும் 1 டன்னைத் தாண்டும். அந்த எடை மொத்தமும் ஜாக்கித் தலையின் உள்ளங்கை அளவு வட்டத்தில் இறங்கி, வேலை முடியும்வரை அங்கேயே நிற்கும். தகடோ ஓரங்களில் சில போல்ட்டுகளில் தொங்குகிறது, நடுவில் முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. தகட்டின் தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும், அதாவது 6 மி.மீ. தகட்டை வைத்துச் செய்ததைப் பார்த்து 3 மி.மீ. தகட்டில் செய்தால் அது மேல்நோக்கி உப்பி, சற்று மேலே இருக்கிற ஆயில் சம்ப்பில், அதாவது என்ஜின் எண்ணெய்த் தொட்டியில், போய் முட்டலாம். கம்பெனியிலிருந்தே பிளாஸ்டிக் மூடியோடு வரும் வண்டிகளில் இந்தப் பேச்சே வேண்டாம்.

வளைவதைவிட எனக்குப் பெரிய கவலை வழுக்குவதுதான். முன்பக்கம் நேராக மேலே போவதில்லை. பின்சக்கரங்கள்தான் அச்சு, கதவு கீலில் திரும்புவதுபோல முன்பக்கம் ஒரு வில்லில் ஏறுகிறது. ஜாக்கியின் கையும் தன் பங்குக்கு இன்னொரு வில்லில் நகர்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போக ஜாக்கி தன் சின்னச் சக்கரங்களில் சில சென்டிமீட்டராவது உருள வேண்டும், அதற்குச் சமமான சிமெண்ட் தரை வேண்டும். சரளையிலோ மண்ணிலோ அது உருளாமல் மாட்டிக்கொண்டால் தலைப்பகுதிதான் நகரும், அங்கே இருப்பது எண்ணெயும் சேறும் படிந்த வழவழப்பான சாய்வுத் தகடு என்றால் வண்டி விழுந்துவிடும். ஜாக்கிக்கும் தகட்டுக்கும் இடையில் மரக்கட்டை வைத்தால் பாரம் கொஞ்சம் பரவும், ஆனால் தகட்டுக்கு மேலே வெற்றிடம் இருக்கும்வரை கட்டையாலும் பெரிய பயன் இல்லை.

சரி, எங்கே வைப்பது? தார், ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் மாதிரி தனி சேசிஸ் (பாடிக்கு அடியில் தனியாக இருக்கும் இரும்புச் சட்டகம்) உள்ள வண்டிகளில் தகட்டுக்கு வெளியே இருபுறமும் சேசிஸ் சட்டம் தெரியும், அதில் கையேடு காட்டும் இடத்தில் வைத்து ஒரு பக்கமாகத் தூக்கலாம். நடுவில் தூக்கியே ஆக வேண்டும் என்றால் தகட்டுக்கு மேலே குறுக்கே ஓடும் சட்டமான கிராஸ் மெம்பரைத் தேட வேண்டும், அதிலும் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். நல்ல தகடுகளில் அந்த இடத்துக்கு நேராகத் துளை வெட்டியிருப்பார்கள். துளை இல்லையென்றால் தகட்டைக் கழற்றிவிடுவதுதான் நல்லது, நாலு போல்ட்டுக்குச் சோம்பல் பட வேண்டாம். தனி சேசிஸ் இல்லாத கார்களில் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில், அடையாளம் போட்டிருக்கும் இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும்.

தூக்கும் முன் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி என்பது தூக்கத்தான், தாங்க அல்ல. உள்ளே அழுத்தத்தில் நிற்கும் எண்ணெயை ஒரு ரப்பர் சீல்தான் தடுத்து வைத்திருக்கிறது, அது கசிந்தால் வண்டி இறங்கிவிடும். அதனால் தேவையான உயரம் வந்ததும் சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, எடை ஸ்டாண்டுகளில் உட்காரும்படி ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். அப்புறம் வெளியே நின்றபடியே பம்பரைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஸ்டாண்டு அசைந்தால் மறுபடி தூக்கி, சரியாக உட்காரவைத்த பிறகுதான் அடியில் கை வைக்க வேண்டும்.