நாக்கு அடங்கிய பிறகு அழைக்காதீர்கள்

சென்ற மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்குப் பினாங்கிலுள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த 78 வயதுப் பெரியவரின் வாயில் குழாய் பொருத்தி, மயக்க மருந்தும் கொடுத்திருந்தார்கள்; விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது. காதருகே குனிந்து, கேட்டால் என் கையை அழுத்துங்கள் என்றேன். அழுத்தவில்லை. பாவங்களுக்காக வருந்தும் மனத்துயர் செபத்தை அவருக்காக நானே சொல்லி, பாவமன்னிப்பு வழங்கி, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசிவிட்டு வெளியே வந்தேன். "பத்து நாளா ஃபாதரைக் கூப்பிடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஃபாதர். பயந்துடுவாருன்னுதான் நாங்க கூப்பிடல" என்றார் மகள்.

கேட்டவரே அவர்தானே, அவர் எப்படிப் பயந்திருப்பார்? இந்த ஆண்டில் மட்டும் இப்படி நான்கு முறை நடந்துவிட்டது. இவர்களெல்லாம் ஜூலை 26 திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் ஆலயத்துக்குப் போய்வரும் குடும்பங்கள் என்பதுதான் எனக்குக் கூடுதல் வேதனை.

குருவானவர் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளி இனிப் பிழைக்கமாட்டார் என்ற எண்ணம், 'அவஸ்தைப் பூசுதல்', அதாவது சாகும் வேளையில் எண்ணெய் பூசுதல், என்ற பழைய பெயரோடு நம் வீடுகளில் தங்கிவிட்டது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே, இதை 'நோயில் பூசுதல்' என்று அழைப்பதே பொருத்தம் என்றும், இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்றும் தெளிவாகக் கூறிவிட்டது. யாக்கோபு தம் திருமுகத்தில், நோயுற்றவர் திருச்சபையின் மூப்பரை, அதாவது குருக்களை, அழைக்கட்டும் என்கிறாரே தவிர, மூச்சு திணறும்வரை காத்திருக்கட்டும் என்று சொல்லவில்லை. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும், முதுமையின் தளர்ச்சியிலும் இதைப் பெறலாம். குணமாகி மீண்டும் நோயுற்றால் மறுபடியும் பெறலாம்.

பூசுதலே பாவத்தை மன்னிக்கும்போது, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு எதற்கு என்று சிலர் என்னிடம் வாதாடுகிறார்கள். அந்த மன்னிப்பு, ஒப்புரவு பெற இயலாமல் போனவருக்குத் திருச்சபை வைத்திருக்கும் ஆறுதல். பேச முடிகிறவரைப் பேசவிடாமல் வைத்திருக்க நமக்குத் தரப்பட்ட அனுமதி அன்று. பல ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததைத் தன் வாயால் சொல்லி, மன்னிப்பின் சொற்களைத் தன் காதால் கேட்ட நோயாளியின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆகவே வார்டில் சேர்த்த அன்றே, அல்லது அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததுமே அழையுங்கள். உங்கள் பங்குக் குரு கிடைக்காவிட்டால் வேறு குருவைத் தேடுங்கள். மரண ஆபத்தில் எந்தக் குருவும் பாவமன்னிப்பு வழங்கலாம். நான் வந்ததும் திரைக்கு வெளியே போய்விடுங்கள். "அதையும் சொல்லிடுங்கப்பா" என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். ஒப்புரவில் கேட்டதை வெளியிடக் குருவுக்கு எந்தச் சூழலிலும் உரிமையில்லை. உங்களுக்கும் அதைக் கேட்க உரிமையில்லை. காது மந்தமானவரிடம் நான் கேள்வியாகக் கேட்பேன், அவர் தலையசைத்தால் போதும்.

இரவு எத்தனை மணியானாலும் வருகிறேன். ஆனால் தயவுசெய்து, அவர் காலையில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கும் நிலையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.