கோழியின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

வேலந்தாவளம் தாண்டி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணைக்குக் கால்நடை மருத்துவராக நான் போனால் பண்ணைக்காரர் முதலில் நீட்டுவது பதிவேட்டைத்தான். எத்தனை குஞ்சு இறங்கியது, எத்தனை செத்தது, எவ்வளவு தீவனம், என்ன எடை. "எடை வந்துருச்சுங்களே டாக்டர், அப்புறம் கோழிக்கு என்னங்க குறை?"

40 நாளுக்குள் 2 கிலோ தாண்டும்படி வளர்த்தெடுத்த இனம் இது. கால் புண்ணோடும் தின்னும், எடை கூடும். அதனால் பதிவேட்டை வைத்துவிட்டு ஷெட்டின் நடுவில் போய்க் குந்துகிறேன். தரையில் பரப்பிய, எச்சம் ஊறிய கூளத்திலிருந்துதான் அம்மோனியா வாயு கிளம்புகிறது. கோழி மூச்சு விடுவதும் அந்த உயரத்தில்தான். நின்று பார்ப்பவருக்கு அது சரியாகத் தெரியாது. தினமும் உள்ளே புழங்குகிறவரின் மூக்கோ பழகிப்போயிருக்கும். காற்றில் அது 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டக் கூடாது என்பார்கள். கருவி இல்லாவிட்டால் பரவாயில்லை. உட்கார்ந்ததும் நம் கண் எரிந்தால் கோழிக்கு இராப்பகலாக எரிகிறது.

பிறகு, அதே கூளத்தில் நாளெல்லாம் நிற்கும் பாதம். கைக்கு எட்டிய கோழியை மட்டும் பிடித்தால் கணக்கு தப்பும். ஷெட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் 100 கோழி எடுத்து, சுத்தமான பாதம், கறுத்துத் தடித்தது, வெடித்துப் புண்ணானது என்று குறிக்கிறேன்.

போன ஆடியில் ஒரு பண்ணையில் மேற்குப் பக்கத்துக் கோழிகளில் பாதிக்கு மேல் புண். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் அடிக்கிறதென்று பக்கவாட்டுப் படுதாவை முழுக்க மூடியிருந்தார்கள், கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளும் ஒழுகியது. தென்னை நார்த்தூள் கூளத்தை அள்ளிப் பிடித்தால் உதிராமல் உருண்டையாகவே நின்றது. சாவுக் கணக்கு மட்டும் குறைவு! பண்ணைக்காரர் அந்தப் பாதத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மருந்து எழுதிக் குடுங்க" என்றார். நான் எழுதவில்லை. படுதாவின் மேல்பக்கம் ஒரு அடி திறக்கவும், நிப்பிளைச் சரிசெய்யவும், ஈரக் கூளத்தை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடவும் சொன்னேன்.

புதுக் கூளம் என்றதும் அவர் முகம் வாடியது. அதில் நியாயம் இருக்கிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தருகிறது. ஷெட்டும் கூளமும் ஆளும் வளர்ப்பவர் செலவு. வளர்ப்புக் கூலியோ எடையைப் பார்த்து வருகிறது, பாதத்தைப் பார்த்து அல்ல. கூளச் செலவில் நிறுவனமும் பங்கேற்க வேண்டும் என்று கூட்டங்களில் விடாமல் கேட்டு வருகிறேன்.

அதுவரை பண்ணைக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். இரண்டாம் வாரத்திலேயே பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கோழி பிடிக்க லாரி வந்து நிற்கும் இரவில் பார்த்தால், அந்தக் கோழிக்குச் செய்ய எதுவும் மிச்சமிருக்காது.